வெளிப்பக்கம் மீரானுக்கு

மீரான் மைதீன் வீட்டு வாசல் சுவரில் பெயிண்ட் உரிகிறது என்கிற சேதி உத்தமபாளையத்தில் பரவ ஒரு வாரம்கூட ஆகவில்லை. வேறு யார் வீட்டில் உரிந்திருந்தாலும் ஒருவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் ஆனி, ஆடிச் சாரலுக்குத் தப்பிய சுவர் எத்தனை இருக்கும்? ஆனால் இவர் பெயிண்ட் கடைக்காரர். ஊரில் பாதிச் சுவர்களுக்கு நிறம் கொடுத்தவர். அவர் வீட்டுச் சுவரே சொறி பிடித்து நின்றால், டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

அவருக்கு வாய் அதிகம் என்று சிலர் சொல்வார்கள். அது வயிற்றெரிச்சல். பெயிண்ட் கேட்டு வருகிறவனிடம் டப்பாவைத் தூக்கிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கிறவர் இல்லை அவர். சுவர் எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது, சாரல் நேராக அடிக்குமா, பழைய சுண்ணாம்பு எத்தனை பூச்சு இருக்கிறது, மொட்டைமாடியில் தண்ணீர் தேங்குமா என்று எல்லாவற்றையும் கேட்டு நாடி பிடித்த பிறகுதான் கை அலமாரிப் பக்கம் போகும்.

"பழசச் சுரண்டாம மேல அடிக்காத. சுண்ணாம்பு மேல எமல்ஷன் நிக்காது, தோலு மாதிரி உரிஞ்சு வந்துரும். சுரண்டு, உப்புத்தாளு போடு, தூசியக் கழுவு, நல்லாக் காயவிடு. பிரைமர் ஒரு கை, பெயிண்ட் ரெண்டு கை. அவசரப்பட்டு அடிச்சேன்னா அடுத்த வருசமும் எங்கிட்டத்தான் வருவ. எனக்கொண்ணும் நட்டமில்ல."

கடைசியாக ஒன்று சொல்வார். அதைச் சொல்லும்போது மட்டும் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார்.

"எல்லாத்துக்கும் முந்தி, தண்ணி எங்கன இருந்து வருதுன்னு பாரு. தண்ணிய நிப்பாட்டாம பெயிண்ட் அடிக்கிறது, பேதிக்காரனுக்கு வேட்டி மாத்தி விடுற கதைதான்."

வந்தவன் சிரித்துவிட்டு டப்பாவோடு போவான். சொன்னது சத்தியமான வார்த்தை. அதை அவர் வீட்டுச் சுவருக்கு அவராலேயே செய்ய முடியாமல் போனதுதான் கொடுமை.

அந்தச் சுவர் ஒரு விசித்திரமான சுவர். அத்தா கட்டிவிட்டுப் போன பெரிய வீட்டை அண்ணனும் தம்பியும் பிரித்துக்கொண்டபோது, தம்பி காஜா மைதீனுக்கு விழுந்த பாகத்தின் பின்னறைச் சுவர், அண்ணன் மீரான் மைதீனின் வாசலுக்குள் வந்து நின்றது. காஜாவின் தலைவாசல் அடுத்த தெருவில். இங்கே மீரானின் கேட்டைத் திறந்து உள்ளே வருகிறவர் கண்ணில் முதலில் படுவது அந்தச் சுவர்தான். அது யாருக்குச் சொந்தம் என்று ஒரு பகல் முழுக்க இழுபறி. கடைசியில் ஜமாத்துப் பெரியவர்கள், "உள்பக்கம் காஜாவுக்கு, வெளிப்பக்கம் மீரானுக்கு" என்று முடித்துவைத்தார்கள். ஒற்றைச் செங்கல் சுவரை இப்படி நெடுக வகிர்ந்து இரண்டு பேருக்குப் பங்கு வைக்கலாம் என்று நம்பிய அவர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான். கொத்து வேலை தெரியாது, அவ்வளவுதான்.

அந்தப் பேச்சுவார்த்தையில்தான் காஜா வாயை விட்டான்.

"கடைய அண்ணனே வச்சுக்கிரட்டும். சில்லறைக்கு விக்கிற டிஸ்டம்பர்ல தண்ணி கலக்குற ஏவாரம் எனக்குச் செரிப்படாது."

அது முழுப் பொய்யும் இல்லை. கடை ஆரம்பித்த காலத்தில், வாளியிலிருந்து அளந்து ஊற்றி விற்றபோது, மீரான் கொஞ்சம் தாராளமாகத் தண்ணீர் விட்டதுண்டு. அப்புறம் அவரே வெட்கப்பட்டு நிறுத்திவிட்டார். விட்டுத் தொலைத்த தப்பைக் கூடப்பிறந்தவனே பொறுக்கி எடுத்துச் சபையில் போட்டதுதான் அவருக்கு ஆறவில்லை. முகம் செத்துப்போயிற்று. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"இனி இவன் வாசப்படிய மிதிச்சா நான் எங்க அத்தாவுக்குப் பொறக்கல."

காஜாவும் அதையே அட்சரம் பிசகாமல் திருப்பிச் சொன்னான். ஒரே அத்தாவுக்குப் பிறந்தவர்கள் என்பது அந்த வீம்பில் நன்றாகவே தெரிந்தது.

அன்றிலிருந்து காஜா தொழுகைக்கு வேறு பள்ளிவாசலுக்குப் போனான். மீரான் வீட்டில் அவன் பேரை எடுக்கக்கூடாது. எடுத்தால் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். ஊரும் அதைப் புரிந்துகொண்டு, மீரான் பாய் எதிரில் அந்தப் பேச்சைத் தவிர்த்தது. வருஷங்கள் இப்படியே ஓடின. ஒருமுறை, காஜாவைச் சர்க்கரை வியாதிக்காக மதுரைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று கடையில் யாரோ பேச்சுவாக்கில் சொன்னார்கள். மீரான் காது கேட்காதவர் போல டர்பன்டைன் டப்பாக்களை அடுக்கத் தொடங்கினார். மதுரையில் காஜாவின் மகன் தௌபீக் வேலையில் இருந்தான். மகனோடேயே தங்கிவிட்டான் போலிருக்கிறது, தங்கட்டும் என்று நினைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். விசாரிக்கவில்லை.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷ நோன்புப் பெருநாளுக்காக வீடு முழுக்கப் பெயிண்ட் அடித்தார்கள். தை பிறப்பதற்குள் அந்த ஒரு சுவரின் அடிப்பக்கம் மட்டும் பொருமிக்கொண்டு வந்தது. விரலால் அழுத்தினால் பொசுக்கென்று உள்ளே அமுங்கியது. பிறகு வெடித்து, காய்ந்த வடகம் மாதிரி சுருண்டு உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. மனைவி மெஹராஜ் காலையில் வாசல் கூட்டும்போது ஒரு முறம் செதில் அள்ளுவாள். அள்ளிக்கொண்டே சுவரை ஒருமாதிரியாகப் பார்ப்பாள். கணவர் அதைக் கவனித்தால் சட்டென்று உள்ளே போய்விடுவாள்.

மீரான் முதலில் பிடித்தது பெயிண்டர் சுருளியை. சின்னமனூர்க்காரன். அவர் கடையிலேயே பெயிண்ட் வாங்கி வேலை செய்கிறவன்.

"காயவிடாம அடிச்சியாடா?"

"நீங்கதான பாய் பெருநாளைக்குள்ள முடிடா முடிடான்னு உசுர எடுத்தீக" என்றான் சுருளி. அவன் மேலும் தப்பு இருந்தது. பழைய பூச்சைச் சரியாகச் சுரண்டாமல் பட்டி மாவைத் தேய்த்து மூடியிருந்தான். அதை ஒப்புக்கொள்ளாமல் தலையைச் சொறிந்தான்.

மறுபடி சுரண்டி, கழுவி, மாசிப் பங்குனி வெயிலில் காயப்போட்டு, பிரைமர் அடித்து, இரண்டு கை பூசினார்கள். இந்தத் தடவை மீரானே நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். சித்திரையில் சுவர் மறுபடியும் பொருமியது. வானத்தில் பொட்டு மேகமில்லை. சாரல் மேல் பழி போடவும் வழியில்லை. சாரல் வருவது மேற்கே கேரளத்து மலையிலிருந்து, சுவர் பார்த்திருப்பதோ கிழக்கே.

"உள்பக்கமிருந்து ஓதம் ஏறுது பாய். அங்கன தண்ணி பொழங்குறாக போல" என்றான் சுருளி. "ஒரு எட்டுப் போயி என்னன்னு பாத்துட்டு வந்துரட்டா?"

"எவன் வீட்டுக்குள்ளடா போறேங்குற? போனேன்னா இந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்காத."

சுருளி சொல்லித்தான் அவருக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. முதல் கொப்புளம் கண்ட அன்றே அவருக்குத் தெரியும். வாங்க வருகிறவனுக்கெல்லாம் ஓதுகிற பாடம்தானே. தண்ணீர் அந்தப் பக்கமிருந்து வருகிறது, அதை அந்தப் பக்கம் போய்த்தான் நிறுத்த வேண்டும். போனால் வாசற்படியை மிதிக்க வேண்டும். மிதிக்க மனமில்லாததால் வேறு கணக்குப் போட்டார். அத்தா காலத்தில் நெல் மூட்டை அடுக்கிய அறை அது. அதைக் குளியலறை ஆக்கிவிட்டார்கள். அவன் மதுரையில் உட்கார்ந்துகொண்டு பெண்டாட்டிக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். பெயிண்ட் கடைக்காரன் மானத்தை வாங்க இதைவிட நல்ல வழி உண்டா? இது சதிதான் என்று மெஹராஜிடமும் சொன்னார். இப்படி நினைக்க நினைக்க அவருக்குக் கோபம் ருசித்தது.

அவருடைய ஒரே மகள் பெனாசிருக்குக் கம்பத்தில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தது. ஆவணியில் நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டார் அந்தக் கேட் வழியாகத்தான் நுழைவார்கள். அந்தச் சுவரைப் பார்த்துத்தான் வருவார்கள்.

"நானாவது போயி பாஜிலாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வரட்டுங்களா?" என்றாள் மெஹராஜ். பாஜிலா காஜாவின் மனைவி.

"கேட்டுப்பாரு. அப்புறம் நீ அங்கனயே இருந்துக்க வேண்டியதுதான்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள்.

வைகாசியில் மீரான் தேனிக்குப் போனார். மொத்த வியாபாரி ஒருவர் புதிதாக வந்திருந்த பூச்சு ஒன்றைக் காட்டினார். பசை மாதிரி கெட்டியாக இருந்தது. "ரப்பர் மாதிரி ஒட்டிக்கிரும் பாய். உள்ள எம்புட்டுத் தண்ணி இருந்தாலும் ஒரு சொட்டு வெளிய வராது." வெளியே வராத தண்ணீர் எங்கே போகும் என்று மீரான் அவரிடம் கேட்கவில்லை. இத்தனை வருஷம் கடை நடத்தியவருக்கு அது தெரியாதா? வந்த வழியே திரும்பும். அந்தப் பக்கம் ஏறும். ஏறட்டும், அவன் ஊற்றிய தண்ணீரை அவனே அனுபவிக்கட்டும் என்றுதான் பஸ்ஸில் திரும்பும்போது நினைத்தார். நினைத்து, வீரபாண்டி தாண்டும்வரை தனக்குள் சிரித்துக்கொண்டும் வந்தார்.

சுருளியை வைத்துச் சுவரைக் காரைவரை சுரண்டி, அந்தப் பசையை இரண்டு தடவை இழுத்து, மேலே சந்தன நிறத்தில் பெயிண்ட் அடித்தார். ஆனி வந்தது, ஆடியும் வந்தது. சாரல் விடாமல் தூறியது. தெருவில் எல்லாச் சுவரும் பாசி பிடித்து நின்றபோது இந்தச் சுவர் மட்டும் புதுப்பெண் மாதிரி நின்றது. கைவைத்துப் பார்த்தால் உலர்ந்து வழவழவென்று இருந்தது. கடைக்கு வந்தவர்களை வேலை மெனக்கெட்டு வீட்டுக்குக் கூட்டிவந்து காட்டினார். டீக்கடையில் இருந்தவர்களுக்கும் வேறு பேச்சுக் கிடைத்துவிட்டது.

ஆடிக் கடைசியில் ஒரு நாள் மதியம் தலைவலி என்று கடையிலிருந்து சீக்கிரம் கிளம்பினார். அடுத்த தெரு வழியாக வந்தவர், காஜா வீட்டு வாசலிலிருந்து மெஹராஜ் வெளியே வருவதைப் பார்த்தார். சேலைக் கரை ஈரமாயிருந்தது. கையில் ஒரு தூக்குவாளி. அவரைப் பார்த்ததும் அவள் அப்படியே நின்றாள். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் மீரான் கேட்டார்.

"எத்தன நாளா நடக்குது இது?"

மெஹராஜ் பயந்து அழுவாள் என்று நினைத்தார். அவள் தூக்குவாளியைத் தரையில் ணங்கென்று வைத்தாள்.

"ஒரு வருசமா நடக்குது. காஜா கை கால் விழுந்து ஒரு வருசமாக் கெடக்கு. அந்தச் செவத்துக்கு அந்தப் பக்கம்தான் கெடக்கு. போதுமா?"

மீரானுக்குச் சட்டென்று புரியவில்லை. "மதுரையில இருக்கான்னாகளே" என்றார்.

"பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில கெடந்துட்டு பதினஞ்சு நாள்ல திரும்பி வந்தாச்சு. வலது கையும் காலும் வெளங்கல. அப்ப பேச்சு கொஞ்சம் கொழறலா வந்துச்சு. இப்ப அதுவும் இல்ல. முன்னறையில போட்டா வாரவுக போறவுக பாப்பாகன்னு, பின்னறையில கொண்டுபோயிப் போடச் சொல்லிருச்சு. குளியலறைக்குத் தூக்கிட்டுப்போக பாஜிலா ஒருத்தியால ஆகுமா? கட்டில்ல வச்சேதான் குளிப்பாட்டுறா. அஞ்சு வேளத் தொழுகைக்கும் கை காலு கழுவி ஒளுச் செஞ்சுவிடச் சொல்லி இடது கைய நீட்டும். செஞ்சுவிடுற வரைக்கும் கைய எறக்காது. நெல்லு அறையில தண்ணி போக வழியேது? தரை செவத்துப் பக்கம்தான் வாட்டம். அந்தத் தண்ணிதான் நீங்க சொன்ன சதி."

மீரான் சுவரோரம் இருந்த மர நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அண்ணனுக்குச் சொல்லாதன்னு சத்தியம் வாங்கிருச்சு. சொல்லாம இருந்தேன். நீங்களும் அந்தப் பேரையே எடுக்கவிடல. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன செய்ய?" இப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. "அது கெடக்கட்டும். செவத்துல நீங்க என்னத்தப் பூசுனீக? முன்னெல்லாம் அடியில ஒரு சாண் ஈரமா இருக்கும். இப்ப கட்டில் ஒசரத்துக்கு ஏறிப்போச்சு. தொட்டா தண்ணி ஒட்டுது. மெத்தை, தலகாணி எல்லாம் சொதசொதன்னு கெடக்கு. கட்டில நகட்ட அந்த அறையில எடமும் இல்ல. ஒரு மாசமா ஒரே இருமல். நெஞ்சுல சளி கட்டிருச்சுன்னு டாக்டர் சொல்லிட்டுப் போறாக. முன்னறைக்கு மாத்தலாம்னா கட்டில இடது கையால புடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குது."

பஸ்ஸில் சிரித்தது மீரானுக்கு ஞாபகம் வந்தது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கக்கூட வழியில்லை. தண்ணீர் அந்தப் பக்கம் ஏறும் என்று தெரிந்துதான் செய்தார். அங்கே ஆள் கிடக்கிறது என்பதுதான் தெரியாது.

"எந்திரிங்க" என்றாள் மெஹராஜ். "இப்பவே வாங்க. இந்தா இருக்கு, ஒரு எட்டு."

அவர் எழுந்தார். கதவுவரை போனார். அங்கேயே நின்றார். அந்த வாசற்படியும் சத்தியமும் இப்போது பெரிதாகத் தோன்றவில்லை. தம்பியின் கட்டிலருகே போய் நிற்பதை நினைத்தார். தலைக்கு மேலே அந்த ஈரச் சுவர் இருக்கும். அவன் அதைப் பார்ப்பான், பிறகு இவரைப் பார்ப்பான். அந்தப் பார்வைக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்?

"மொதல்ல செவரச் சுரண்டிர்றேன்" என்றார். "அந்தப் பூச்ச உரிச்சாத்தான் ஓதம் இந்தப் பக்கம் வடியும். கொஞ்சம் காயட்டும். செவரக் காயவச்சுட்டேங்குற சேதியோட போறேன்."

"செவரு எங்கயும் ஓடிறாதுங்க. ஆளப் போயிப் பாருங்க."

"இப்படியே வெறுங்கையோட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போகச் சொல்ற?"

சாயங்காலம் மெஹராஜ் பாஜிலாவிடம் போய், வெளிப்பூச்சை எடுக்கப் போகிறார்கள், ஈரம் குறையும் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். அவர் வருவார் என்று சொல்லவில்லை. சொல்லி, வராமல் போய்விட்டால் அந்தப் படுக்கையில் கிடப்பவன் எப்படித் தாங்குவான் என்று பயந்தாள்.

மறுநாள் விடிந்ததும் மீரான் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சுரண்டியும் கம்பி பிரஷும் எடுத்தார். சுருளி குமுளிப் பக்கம் வேலைக்குப் போயிருந்தான். இருந்திருந்தாலும் கூப்பிட்டிருக்க மாட்டார். இதைத் தன் கையால்தான் செய்ய வேண்டும் என்று இருந்தது அவருக்கு. விற்றுத்தான் பழக்கம், சுரண்டிப் பழக்கமில்லை. அந்தப் பூச்சு ரப்பர் என்றால் ரப்பர்தான். நுனியைக் கிளப்பி இழுத்தால் ஒரு விரல் அகலம் வந்து அறுந்துவிடும். மறுபடி நுனி தேட வேண்டும். மதியத்துக்குள் உள்ளங்கை இரண்டும் கொப்புளித்துவிட்டது. உரித்த இடத்தில் காரை கருத்து நனைந்திருந்தது. கை வைத்தால் சில்லென்றது.

அப்போதுதான் அந்த இருமலைக் கேட்டார். சுவருக்கு உள்ளிருந்து, ஆழத்திலிருந்து, ஈரமாக ஒரு இருமல். முடியும் என்று பார்த்தால் முடியாமல் இழுத்துக்கொண்டே போயிற்று. சுரண்டியைப் பிடித்த கை நின்றுவிட்டது. சின்ன வயதில் இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்தவர்கள். அவனுக்கு இருமல் வந்தால் இவர்தான் எழுந்துபோய் அம்மாவை எழுப்புவார். "காஜா" என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். உரக்கக் கூப்பிட்டால் கேட்டிருக்கும். சுவரைப் பார்த்துக் கத்துவதா, கிறுக்கன் என்று நினைப்பார்கள் என்று விட்டுவிட்டார். இருமல் அடங்கியதும் மறுபடி சுரண்டத் தொடங்கினார்.

இரண்டாம் நாள் பெனாசிர் டீ கொண்டுவந்தாள். தன் கல்யாணத்துக்கென்று பூசிய சந்தனச் சுவர் தோலுரித்த ஆடு மாதிரி நிற்பதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"சின்னத்தா இருமுறது எங்க ரூமுக்குக் கேக்குது அத்தா" என்றாள். "போயிப் பாத்துட்டு வந்து சுரண்டுங்களேன்."

"இன்னும் அடிப்பக்கம்தான் ஆத்தா இருக்கு. நாளைக்கு முடிச்சுருவேன். முடிச்சுட்டுப் போறேன்."

"நாளைக்கா?"

"நாளைக்குத்தான். நல்லாக் காத்து அடிக்குது பாரு, சீக்கிரம் காஞ்சிரும்."

உண்மையிலேயே காற்று நன்றாக அடித்தது. உரித்த மேல்பக்கம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. அதைப் பார்த்தபோது அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. போனதும் முதலில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வேலை செய்தார். ஸலாம் சொல்லலாம். அப்புறம் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளலாம். தரையை உடைத்து வாட்டத்தை மாற்றி, ஒரு குழாய் பதித்துத் தண்ணீரைத் தன் வாசல் வழியாகவே வெளியேற்றிவிடலாம். வெளிப்பக்கம் அவருக்குத்தானே, யார் கேட்பது? குழாய்க்கு எந்த இடத்தில் துளை போடுவது என்றுகூடக் கரித்துண்டால் ஒரு குறி போட்டுவைத்தார்.

மூன்றாம் நாள் மதியம் அடிப்பக்கம்வரை உரித்து முடித்தார். கம்பி பிரஷால் உப்பைத் தேய்த்துத் தட்டினார். தண்ணீர் ஊற்றிக் குளித்து, பெட்டியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டார். கொப்புளம் உடைந்த கையால் பித்தான் போட முடியாமல் மெஹராஜைக் கூப்பிட்டார். அஸர் தொழுகையை முடித்துவிட்டு நேரே அங்கே போவதென்று பேச்சு. மெஹராஜ் மூன்றாவது பித்தானில் இருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பாஜிலாவின் அலறல் கேட்டது. பூச்சு இருந்தவரை எந்தச் சத்தமும் மங்கித்தான் வரும். இப்போது பக்கத்தில் நின்று கத்துவது போலத் தெளிவாகக் கேட்டது.

அந்த வாசற்படியை அவர் மிதித்தபோது எந்தச் சத்தியமும் நினைவில் இல்லை. ஓடினார். அறையில் பெண்கள் கூடிவிட்டார்கள். கட்டிலில் கிடந்த ஆளைப் பார்த்து, இது காஜா இல்லை, யாரோ கிழவர் என்று ஒரு கணம் நினைத்தார். அத்தனை மெலிந்து போயிருந்தான். இடது கை கட்டில் சட்டத்தைப் பிடித்தபடியே இருந்தது. மீரான் அந்தக் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு, வயதையும் சுற்றி இருப்பவர்களையும் மறந்து ஓவென்று அழுதார். இன்னும் சூடு ஆறவில்லை. அதுதான் அவரை அதிகமாக அழவைத்தது.

மறுநாள் காலையில் அடக்கம் முடிந்தது. தௌபீக்கோடு சேர்ந்து குழிக்குள் இறங்கி இவரும் உடலை வாங்கி வைத்தார். பெனாசிரின் நிக்காஹைத் தள்ளிவைத்தார்கள். சுவர் மொட்டையாகவே நின்றது. துக்கம் கேட்க வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார்கள்.

மூன்றாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு மீரான் தம்பி வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். பாஜிலா, கணவன் இறந்தபின் இருக்க வேண்டிய இத்தாவில் இருந்தாள். அந்த நாட்களில் கணவரின் அண்ணனானாலும் ஆண்கள் முன்னால் அவள் வரக்கூடாது. பின்னறை வாசலில் ஒரு சேலையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. தன் பிள்ளைகள் கூப்பிடுகிற முறையிலேயே அவரைப் பெரியத்தா என்பாள்.

"கடேசியா ஏதும் கேட்டானா பாஜிலா?" என்றார் மீரான். கேட்கவே பயமாக இருந்தது.



"என்னத்தக் கேக்க? பேச்சுத்தான் இல்லையே பெரியத்தா" என்றாள். "ஆனா செவத்துல சொரண்டுற சத்தம் கேக்க ஆரம்பிச்சதுல இருந்து அவுகளுக்கு ஒரு முழிப்பு வந்துச்சு. ரெண்டு நாளும் அந்தச் செவத்தையே பாத்துக்கிட்டு இருந்தாக. சத்தம் நின்னா என்னையப் பாப்பாக. மறுபடி சத்தம் வந்தா செவத்தப் பாப்பாக. கைய அதும்மேல வச்சுக்கிட்டே இருந்தாக. ஈரம், எடுங்கன்னாலும் எடுக்கல. மூணாம் நாளு காலையில, யாரு யாருன்னு கையக் காட்டிக் கேட்டாக."

"நீ என்ன சொன்ன?"

"பூச்ச எடுக்கப்போறாகன்னு அக்கா சொல்லிட்டுப் போயிருந்துச்சுல்ல, யாரு எடுப்பாகன்னு சொல்லல. ஆள் விட்டுத்தான் எடுக்குறாகன்னு நெனச்சேன். பெயிண்டர்ங்க, வேற யாருமில்லன்னு சொன்னேன்." அவள் குரல் உடைந்தது. "அதுக்கப்புறம் அவுக கைய எடுத்துட்டாக பெரியத்தா. செவத்துப் பக்கம் திரும்பவே இல்ல."